டைமிங் செயின் மாற்றும்போது கேம் ஷாஃப்ட் கேப்களை எப்படிக் கழற்றுவது?

கேள்வி – கோவைவாசி

என்னிடம் 2005ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா இருக்கிறது. 1.8 லிட்டர், 1இசட்இசட்-எஃப்இ இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது. செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் வாங்கிவிட்டேன். வால்வு கவரைத் திறந்து பீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில், எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு வால்வுகளில் இடைவெளி 0.20 மி.மீ.தான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே அளந்தேன். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா? அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கேப்களின் போல்ட்டுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே போகலாமா?

பதில் – சாலைப்புளி

செயினுக்காக மட்டும் என்றால் கேப்களைத் தொடவே வேண்டாம். கேம் இருந்த இடத்திலேயே இருக்க, செயின் வெளியே வந்துவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் இடைவெளி 0.25 முதல் 0.35 வரை இருக்க வேண்டும். இந்த இன்ஜினில் இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்ற தனித் தகடு கிடையாது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் கிண்ணம் போன்ற பக்கெட்டையே வேறு கனத்தில் மாற்ற வேண்டும். அதற்குக் கேம் வெளியே வந்தாக வேண்டும்.

பதில் – பட்டறைக்காரன்

வரிசையாகக் கழற்றிக்கொண்டே போகாதீர்கள் தம்பி. ஹெட், அதாவது வால்வுகளும் கேமும் உட்காரும் இன்ஜினின் மேல்பாகம், அந்த வேலைக்கென்றே பட்டறை வைத்திருப்பவன் நான். விரிசல் விட்ட ஹெட்டுகள் என்னிடம் வரும்போது காரணம் பெரும்பாலும் இதுதான்.

எந்த நிலையில் நின்றாலும் சில வால்வு ஸ்பிரிங்குகள் கேமை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஒரு முனையை முழுதாக விட்டால் ஷாஃப்ட் அந்தப் பக்கம் எழும்பும். மிச்சமிருக்கும் கேப்பின் மீது மொத்தப் பாரமும் சாயும். கேப் உடையும், அல்லது ஷாஃப்டின் முன்பின் நகர்வைத் தாங்கும் அலுமினிய விளிம்பு பெயரும். கேப்களை ஹெட்டோடு பூட்டிவைத்துத்தான் துளை கடைகிறார்கள். வேறு ஹெட்டின் கேப் இதற்குப் பொருந்தாது. ஒன்று உடைந்தால் ஹெட்டே போயிற்று.

முதலில் செயினைக் கழற்றிவிட்டு, பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் ஷாஃப்டை, முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் டாப் நிலையிலிருந்து கால் சுற்று திருப்புங்கள். நான்கு பிஸ்டன்களும் பாதி வழியில் நிற்கும், வால்வு இடிக்காது. பிறகு, இரு முனைகளிலிருந்து நடுவை நோக்கி, ஒரு போல்ட்டுக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல், சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். கேப்கள் எல்லாம் ஒன்றுபோல் எழும்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் உடனே நிறுத்தி, அந்தப் பக்கத்தைச் சற்று இறுக்கிச் சமன் செய்யுங்கள். போல்ட்டுகளைக் கையாலேயே சுழற்ற முடிகிறபோது ஸ்பிரிங்கின் பாரம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

கேப் பிடித்துக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். தளர்ந்த போல்ட்டுகள் இரண்டையும் துளையில் விட்டபடியே பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் வந்துவிடும். இம்பாக்ட் கன்னைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கேப்பின் மேல் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். அம்பு செயின் பக்கம் பார்க்க வேண்டும். கழற்றிய வரிசையிலேயே அட்டையில் அடுக்கிவையுங்கள், பக்கெட்டுகளையும் அப்படியே.

கோவைவாசி

மிக்க நன்றி அண்ணா. திரும்ப மாட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்? என்னிடம் வீல் நட்டுக்கு வாங்கிய டார்க் ரெஞ்ச் இருக்கிறது.

பட்டறைக்காரன்

அது வேண்டாம். முன்பக்கப் பெரிய கேப்புக்கு 23 நியூட்டன் மீட்டர், மற்றவற்றுக்கு 13தான். அவ்வளவு குறைந்த அளவை வீல் நட் ரெஞ்ச் சரியாகக் காட்டாது. அது 'டிக்' என்பதற்குள் மரை பிய்ந்துவிடும். சிறிய ரெஞ்சை இரவல் வாங்கியாவது செய்யுங்கள். இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே, மறுபடியும் சுற்றுச் சுற்றாக. அதற்கு முன் போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுங்கள். அடியில் எண்ணெய் நின்றால் போல்ட் இறங்கும்போது அந்த அழுத்தத்திலேயே ஹெட் விரிசல் விடும். ஷாஃப்ட் கேப்புக்குள் சுழலும் பகுதிகளான ஜர்னல்களில் புது ஆயில் தடவுங்கள். புது பக்கெட் போட்டதும் இடைவெளியை மறுபடி அளந்த பிறகே வால்வு கவரை மூடுங்கள்.