ஒகஸ்ட் 15: தீனோஸா, இக்காரியாவா?

உப்புவெளியான்:
அண்ணா ஏதென்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். அம்மாவும் நானும் ஒகஸ்ட் தொடக்கத்தில் போகிறோம். 15ஆம் திகதி மாதா பெருநாளுக்கு இக்காரியா தீவுக்குப் போகலாம் என்கிறார் அண்ணா, அங்கே ஊர்த் திருவிழாவைப் பனியீரி என்பார்களாம், விடியவிடிய ஆட்டமாம். அம்மா மரக்கறி மட்டும்தான், திருகோணமலைச் சல்லி அம்மன் கோயில் பொங்கலைத் தவறவிடாத ஆள். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில், அழைக்காமல் போய்ப் பந்தியில் உட்காருவது எப்படி? சைவ சமயக்காரரைக் கோயிலுக்குள் விடுவார்களா?

பழைய மாலுமி:
அழைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் தம்பி. நம்மூரில் உபயகாரர் கைக்காசு போட்டு அன்னதானம் கொடுப்பார், அங்கே கதை தலைகீழ்: ஊர்க்காரரே சமைத்து, அவித்த ஆட்டிறைச்சியைக் கிலோக் கணக்கில் நிறுத்து, வைனோடு சேர்த்து விற்பார்கள், மிஞ்சுகிற காசு ஊர் ரோட்டுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும். அதனால் நீங்கள் வாங்கிச் சாப்பிட்டாலே ஊருக்கு உபயம் செய்த மாதிரித்தான். வயலின் தொடங்கியதும் தோளில் தோள் போட்டு வட்டமாக ஆடுவார்கள், இக்காரியோத்திகோஸ் என்று பெயர், கிழவிகளும் ஆடுவார்கள், பக்கத்தில் நிற்கிறவரையும் இழுத்துவிடுவார்கள். அம்மாவுக்குப் பாணும், தக்காளி வெள்ளரிக்காய் வெட்டிச் சீஸ் வைத்த சலட்டும் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். 15ஆம் திகதி பெரிய கூட்டம் லங்காதா என்ற ஊரில்.

தோப்பூர் மச்சாள்:
மாலுமி அண்ணை ஆட்டத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார். சல்லிக்குப் போகிற அம்மாவுக்குத் தீனோஸ் தீவுதான் சரி. 1823இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த மாதா படம் அங்கே இருக்கிறது. துறைமுகத்திலிருந்து கோயில் வரைக்கும் ஏற்றம், நேர்த்தி வைத்தவர்கள் அந்த ஏற்றம் முழுக்க முழங்காலில் போவார்கள், அதற்கென்றே ரோட்டோரம் கம்பளம் விரித்திருக்கும். 15ஆம் திகதி படத்தை ஊர்வலமாகக் கொண்டுவரும்போது சனம் ரோட்டில் குனிந்து கிடக்கும், படம் அவர்கள் தலைக்கு மேலால் போகும். கோணேசர் நகர்வலம் வரும்போது நிறைகுடம் வைத்துக் காத்திருக்கிற நமக்கு அதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உள்ளே யாரும் போகலாம், மெழுகுதிரி ஏற்றலாம், சேலை என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை.

சாப்பாட்டுக்கும் நல்ல காலம்தான். 1ஆம் திகதியிலிருந்து 14 வரை அவர்களுக்கே விரதம், இறைச்சி, முட்டை, பால் எல்லாம் விலக்கு. கடையில் 'நிஸ்தீசிமா' என்று கேட்டால் விரதச் சாப்பாடு தருவார்கள். ஆனால் கணவாயும் றாலும் அவர்களுக்கு விரதச் சாப்பாடுதான், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்!

பழைய மாலுமி:
சரி, மச்சாள் சொல்வதும் நியாயம்தான். அப்படியென்றால் இரண்டுக்கும் போகலாமே. 6ஆம் திகதி இக்காரியாவில் கிறிஸ்தோஸ் ராஹெஸ் ஊரில் ஒரு பனியீரி உண்டு, அதை முடித்துக்கொண்டு 15க்குத் தீனோஸ் போங்கள். ஆனால் ஒகஸ்டில் மெல்தேமி என்ற காற்று அடிக்கும், நம்முடைய கச்சான் காற்று மாதிரி, அங்கே வடக்கிலிருந்து. பலமாக அடித்தால் கப்பலை விடமாட்டார்கள், இடையில் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கட்டும். இன்னொன்று: 1940இல் இதே 15ஆம் திகதி, திருநாளுக்கென்று தீனோஸில் வந்து நின்ற எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி அடித்துத் தாழ்த்தியது. 1942இல் குண்டு விழுந்த திருகோணமலைத் துறைமுகத்து ஆள் நான், அதனால் சொல்லாமல் விட மனமில்லை.

உப்புவெளியான்:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழங்கால் கதையைக் கேட்டதும் தீனோஸ் என்று முடிவு கட்டிவிட்டார், ஆட்டத்துக்கு நானும் அண்ணாவும் மட்டும் போவதாம். கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், கண்மலர் சாத்தலாமா என்று கேட்கிறார்.

தோப்பூர் மச்சாள்:
தாராளமாக! அங்கே அதற்குத் 'தாமா' என்று பெயர். கண், கால், குழந்தை எல்லாம் தகட்டில் அடித்து, கோயிலுக்குப் போகிற தெருவிலேயே விற்பார்கள். இங்கிருந்து கொண்டுபோகத் தேவையில்லை.