ஃபர்ம்வேர்: ‘நிலைபொருள்’ மட்டும் போதுமா? பழைய நெட்புக்கின் வைஃபை அட்டையை முன்வைத்து ஒரு பரிந்துரை

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு,

வணக்கம். நெட்புக் எனப்படும் பழைய சிறு மடிக்கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவுவதற்கான தமிழ்க் கையேட்டில் வைஃபை பற்றிய இயலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்த இயலில் ஃபர்ம்வேர், அதாவது ஒரு வன்பொருளை இயங்கவைக்க அதனோடு சேர்ந்து வரும் நிரல், வரும் இடங்களிலெல்லாம் ‘நிலைபொருள்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. நெடுநாளாக வழங்கிவரும் சொல்லை இப்போது அசைக்க வேண்டாம் என்று இந்த இழையில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. வழக்கில் ஊன்றிய சொல்லைக் காரணமின்றி மாற்றினால் வாசகர்தான் அலைக்கழிவார். ஆனாலும் வைஃபை அட்டையைப் பொறுத்தவரை அந்தச் சொல் வாசகரை நேர் எதிரான முடிவுக்கு அழைத்துச் செல்கிறது என்பதால், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கையேடு எடுத்துக்கொண்டிருக்கும் மாதிரி, 2008இல் வெளிவந்த டெல் இன்ஸ்பிரான் மினி 9. ஆட்டம் என்270 செயலி 32 பிட் மட்டுமே கொண்டது. டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி நிறுத்தப்பட்டுவிட்டதால், 2023 ஜூனில் வந்த டெபியன் 12தான் இதற்குக் கடைசி. இதிலுள்ள வைஃபை அட்டையில் இருப்பது பிராட்காமின் பிசிஎம்4312 என்ற சில்லு. கணினியை இயக்கியதும் கருநிரல் (இயக்குதளத்தின் மையமான கெர்னல்) இந்த அட்டையை அடையாளம் கண்டு, பி43 என்ற இயக்கியை (டிரைவரை) ஏற்றுகிறது. இயக்கி, அட்டைக்குள் இருக்கும் சிறு செயலி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று பார்த்து, அதற்குரிய கோப்பைக் கருநிரலிடம் கேட்கிறது. பிசிஎம்4312க்கு அது ‘யூகோட்15’ என்ற கோப்பு. அது வன்தட்டில் (இந்த மாதிரியில் எஸ்எஸ்டி), லிப் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) ஃபர்ம்வேர் என்ற அடைவில், பி43 என்ற உள்ளடைவில் இருந்தாக வேண்டும். இருந்தால், அது அட்டையின் நினைவகத்தில் எழுதப்படும். அதன் பிறகே அட்டை அலைவரிசைகளைத் துழாவி அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களைப் பட்டியலிடும். இல்லையென்றால், கோப்பு கிடைக்கவில்லை என்று கருநிரலின் பதிவேட்டில் ஒரு பிழைவரி விழும். திரையின் மூலையில் உள்ள வலையமைப்புச் சின்னத்தைச் சொடுக்கினால் ஒரு வைஃபையும் தெரியாது. சாதனம் ஆயத்தமாக இல்லை, ஃபர்ம்வேர் இல்லை என்ற ஒரு வரி மட்டும் மங்கலாக நிற்கும்.

இந்த வரியைத் தமிழில் ‘நிலைபொருள் இல்லை’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? நிலை என்ற சொல் அசையாமை, மாறாமை, நிரந்தரம் ஆகியவற்றையே மனத்தில் எழுப்பும். நிலைக்கதவு, நிலைப்படி, நிலைவைப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆகவே நிலைபொருள் என்பது அட்டையோடு பிறந்து அட்டையிலேயே பதிந்திருக்கும் ஒன்று என்றுதான் அவர் கொள்வார். அப்படிப்பட்ட ஒன்றே இல்லை என்றால் அட்டை பழுதாகிவிட்டது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு அவர் வர வழியில்லை. உதவி கேட்டு வரும் மடல்களில் ‘வைஃபை கார்டு போய்விட்டது போலிருக்கிறது, யூஎஸ்பி டாங்கிள் வாங்கிவிடட்டுமா’ என்ற கேள்வி அடிக்கடி வருவதை இங்கு பலரும் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அட்டை நன்றாகவே இருக்கிறது. வன்தட்டில் ஒரு சிறு கோப்புதான் குறைகிறது. அந்தக் கோப்பும் அட்டையில் நிலைத்து நிற்பதில்லை. மின்சாரம் நின்றால் அட்டையின் நினைவகத்திலிருந்து அழிந்துபோய், அடுத்த முறை கணினியை இயக்கும்போது மறுபடியும் ஏற்றப்படுகிறது. நிலைக்காததற்கு நிலைபொருள் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. அந்தச் சொல்லை 1967இல் டேட்டாமேஷன் இதழில் ஆஷர் ஆப்லர் அறிமுகப்படுத்தியபோது, நிரந்தரமாகப் பொறிக்கப்பட்ட ஒன்றை அவர் குறிக்கவில்லை. செயலியின் கட்டுப்பாட்டு நினைவகத்தில் எழுதக்கூடிய, தேவைப்பட்டால் மாற்றி எழுதக்கூடிய நுண்கட்டளைகளையே குறித்தார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்பது என்பதுதான் அவர் கருத்து. படிக்க மட்டுமான நினைவகத்தில் பதிக்கப்பட்டது என்ற பொருள் பின்னால் வலுப்பெற்றது. தமிழாக்கம் பிடித்துக்கொண்டது அந்தப் பிற்காலப் பொருளைத்தான். நம் கையேட்டின் வைஃபை அட்டையோ ஆப்லர் சொன்ன முதற்பொருளுக்கே நெருக்கமாக இருக்கிறது.

இதைப் படித்தபோது முதலில் என் மனத்தில் வந்தது ‘இடைப்பொருள்’ என்ற சொல். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளைப் பகுத்துப் பழகிய மொழியில், வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்பதை இடைப்பொருள் என்பதைவிட இயல்பான ஆக்கம் இருக்க முடியாது. இன்றும் அந்தச் சொல்லின் மீது எனக்கு ஆசை உண்டு. ஆனால் இரண்டு மென்பொருள்களை இணைக்கும் மிடில்வேருக்கு அது ஏற்கெனவே வழங்கத் தொடங்கிவிட்டது. வலைச் சேவையகம் பற்றிய கட்டுரையில் ஒரு பொருளும் வைஃபை அட்டை பற்றிய கட்டுரையில் வேறொரு பொருளும் தருவது கலைச்சொல்லுக்கு அழகன்று. வருத்தத்தோடு அதை விலக்கிவிடுகிறேன்.

இந்த இழையில் முன்வைக்கப்பட்ட ‘ஏற்றுநிரல்’ நல்ல முயற்சி. ஒவ்வொரு முறையும் ஏற்றப்படுகிறது என்ற முக்கியமான செய்தியை அது சொல்லிவிடுகிறது. சிக்கல் வினைத்தொகையில் இருக்கிறது. குடிநீர் என்றால் குடிக்கப்படும் நீர். சுடுசோறு என்றால் சுடுகின்ற சோறு. ஏற்றுநிரல் என்பதும் ஏற்றப்படும் நிரலா, ஏற்றுகின்ற நிரலா என்று இரு பக்கமும் சாயும். கணினி தொடங்கும்போது இயக்குதளத்தை ஏற்றிவிடும் நிரலும் இதே கையேட்டின் முந்தைய இயலில் வருகிறது என்பதால், பெரும்பாலான வாசகர்கள் இரண்டாவது பொருளையே கொள்வார்கள் என்று அஞ்சுகிறேன். ‘சில்லுநிரல்’ என்ற மற்றொரு பரிந்துரை தமிழ்நாட்டு வாசகருக்குத் தெளிவாக இருக்கும். ஆயினும் ஈழத்தில் சில்லு என்றால் சக்கரம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் சில்லு என்பது அன்றாடப் பேச்சு. கையேடு இரு நாட்டு வாசகர்களுக்கும் உரியது. நானும் இம்மடலில் சில்லு என்று எழுதுகிறேன், சூழலால் பொருள் விளங்கும். ஆனால் ஒரு கலைச்சொல் துணையின்றித் தனித்து நிற்கும்போதும் விளங்க வேண்டும். ‘கருவிநிரல்’ என்றால், பட்டியல்களில் கருவிகள் என்ற தலைப்பின்கீழ் வரும் சிறு பயன்பாடுகளோடு குழம்பும்.

எனவே ‘உறுப்புநிரல்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். கணினியின் ஓர் உறுப்புக்குள், அந்த உறுப்பின் சொந்தச் செயலியில் ஓடும் நிரல் என்பது இதன் பொருள். எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்தச் சொல் பேசுவதில்லை. எங்கே ஓடுகிறது என்பதையே பேசுகிறது. கோப்பு வன்தட்டில் இருந்தாலும் அட்டையிலேயே இருந்தாலும் அந்த வரையறை மாறுவதில்லை. நம்மில் பலர் எழுதிவரும் கருநிரல் என்ற சொல்லோடும் இது இயல்பாக இணங்கிப் போகிறது: நடுவில் ஓடுவது கருநிரல், உறுப்புகளில் ஓடுவது உறுப்புநிரல், இரண்டுக்கும் நடுவே பேசுவது இயக்கி. ‘உறுப்புநிரலை நிறுவுக’, ‘உறுப்புநிரலின் பதிப்பு’, ‘உறுப்புநிரல்கள்’ என வேற்றுமையும் பன்மையும் தடையின்றி வருகின்றன.

உறுப்பு என்றால் உடலுறுப்புதானே நினைவுக்கு வரும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். நம் இலக்கணத்திலேயே பகுபத உறுப்பு, செய்யுளுறுப்பு என்று முழுமையொன்றின் பகுதிகளைக் குறிக்க இந்தச் சொல் வழங்கிவந்திருக்கிறது. பள்ளியில் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்து எழுதிய எவருக்கும் அது புதிதன்று.

இதைவிட வலுவான மறுப்பு, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரல் பற்றியது. பயாஸும் ஃபர்ம்வேர்தான், ஆனால் அது தாய்ப்பலகையில் பதிந்திருந்து கணினியின் முதன்மைச் செயலியிலேயே ஓடுகிறது. அதை உறுப்புநிரல் என்பது பொருந்தாது. அதற்கு நிலைபொருள் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இதனால் வேலை கூடும் என்பது உண்மைதான்; ஒவ்வொரு வரியிலும் எந்த வகை ஃபர்ம்வேர் பேசப்படுகிறது என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் வலையமைப்புப் பயன்பாடுகளில் வரும் செய்திகளில் பயாஸைப் பற்றிய பேச்சே கிடையாது. ஐயத்துக்கு இடமான வரிகள் மிகக் குறைவாகவே இருக்கும்.

இந்தப் பிரிவு வெறும் சொல்வசதிக்கானதும் அன்று. சாதனத்துக்குள்ளேயே பதிந்து, பயனரால் மாற்றப்படாமல் இருக்கும் நிரலை மின்சுற்றுக்கு இணையாகக் கருதலாம் என்றும், பயனர் நிறுவ வேண்டிய நிரலை மென்பொருளாகவே கருத வேண்டும் என்றும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வேறுபடுத்துகிறது. பி43 கோப்பு ஏன் டெபியனின் நிறுவல் வட்டில் இல்லை என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. 2022 அக்டோபரில் முடிந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, கட்டற்றதல்லாத உறுப்புநிரல்களையும் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்க டெபியன் முடிவெடுத்தது; டெபியன் 12 அப்படியே வெளிவந்தது. ஆனால் அந்த முடிவு, பிறர் படியெடுத்து வழங்க உரிமம் இடம் தரும் கோப்புகளுக்கு மட்டுமே உதவும். பி43க்கான கோப்புகளுக்கு அந்த அனுமதி இல்லாததால், டெபியன் களஞ்சியத்தில், கட்டற்றதல்லாதவற்றைச் சார்ந்த பொதிகளுக்கான கான்ட்ரிப் பிரிவிலுள்ள நிறுவிப் பொதி (பேக்கேஜ்) ஒன்று, பிராட்காமின் மூடிய இயக்கியை இணையத்திலிருந்து பதிவிறக்கி, அதிலிருந்து உறுப்புநிரலைப் பிரித்தெடுத்துப் பயனரின் வன்தட்டில் வைக்கிறது. ‘நிரல்’ என்று முடியும் சொல்லைப் படிக்கும் வாசகர், இதற்கு ஆசிரியர் உண்டு, உரிமம் உண்டு, அதனால்தான் வட்டில் இல்லை என்பதை எளிதில் ஏற்றுக்கொள்வார்.

இதே காலத்து ஏசஸ் ஈ பிசி 701இல் உள்ள ஏதெராஸ் அட்டைக்கு ஏடிஎச்5கே இயக்கியே போதும். தனிக் கோப்பு எதுவும் வேண்டியதில்லை. ‘அவருடைய நெட்புக்கில் உடனே வேலை செய்தது, என்னுடையதில் ஏன் செய்யவில்லை’ என்று கேட்பவருக்கு, ‘உங்கள் அட்டை வெளியிலிருந்து உறுப்புநிரலைக் கேட்கும் வகை’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். நிலைபொருளை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க ஒரு பத்தி தேவைப்படுகிறது. நான் எழுதிப் பார்த்துவிட்டேன்.

கையேட்டின் பத்தியைக் கீழ்க்காணுமாறு மாற்றலாம் என்று எண்ணுகிறேன்: “உங்கள் வைஃபை அட்டைக்கான இயக்கி கணினியில் இருக்கிறது; ஆனால் அட்டைக்குள் ஓட வேண்டிய உறுப்புநிரல் இன்னும் நிறுவப்படவில்லை. அட்டையில் பழுது எதுவும் இல்லை. உறுப்புநிரலைப் பதிவிறக்க இணையம் தேவை என்பதால், நெட்புக்கின் பக்கவாட்டில் உள்ள லேன் துளையில் கம்பியைச் செருகுங்கள். கம்பி இணைப்பு இல்லாதவர்கள் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கிக்கொள்ளலாம். பொதிக் களஞ்சியப் பட்டியலில் கான்ட்ரிப் பிரிவைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, பி43 உறுப்புநிரல் நிறுவிப் பொதியை நிறுவியபின் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.”

வைஃபை விசை அணைந்திருப்பதால் வரும் செய்தியும் உறுப்புநிரல் இல்லாததால் வரும் செய்தியும் தமிழில் ஒன்றுபோல் ஒலிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னதற்கு ‘வைஃபை விசை அணைக்கப்பட்டுள்ளது’ என்ற நேரான தொடரே போதும்.

வலையமைப்புச் சின்னத்தில் வரும் வரிக்கு என் பரிந்துரை: ‘சாதனம் ஆயத்தமாக இல்லை: உறுப்புநிரல் நிறுவப்படவில்லை’. ‘இல்லை’ என்று நிறுத்தாமல் ‘நிறுவப்படவில்லை’ என்றது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயனர் அந்த வரியிலேயே அறிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். தேடுபொறியில் பழைய சொல்லை இட்டுத் தேடுபவர்களையும் கைவிடக் கூடாது என்பதால், கலைச்சொல் பட்டியலில் ‘நிலைபொருள்’ பதிவின்கீழ் பயாஸுக்கான விளக்கத்தையும் ‘வைஃபை அட்டை முதலியவற்றுக்கு உறுப்புநிரல் என்பதைக் காண்க’ என்ற குறிப்பையும் சேர்த்துவிடலாம். வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள், குறிப்பாக ஈழத்து வழக்கில் ‘உறுப்பு’ வேறு பொருள் தருமானால், இதே இழையில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.