யுனைடெட் 15, டாட்டன்ஹாம் 17: பிரீமியர் லீக் பலப்பட்டதா, பழுதானதா?

நடுக்களம்:
இங்கிலாந்தின் உச்சக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கின் 2024-25 சீசன் அட்டவணையை வைத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். மான்செஸ்டர் யுனைடெட் 42 புள்ளிகளோடு 15-வது இடம். டாட்டன்ஹாம் 38 புள்ளிகளோடு 17-வது. பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை இரண்டு கிளப்புகளும் இவ்வளவு கீழே முடித்ததில்லை. பலரும் இதை லீக்கின் சீரழிவாகப் பார்க்கிறார்கள். நான் இதை நல்ல செய்தி என்கிறேன்.

அவர்களுக்கு மேலே யார் முடித்தார்கள் என்று பாருங்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 7, பிரைட்டன் 8, போர்ன்மவுத் 9, பிரென்ட்ஃபோர்ட் 10. லீக் கோப்பையை நியூகாசில் வென்றது. 1955-க்குப் பிறகு அவர்களுக்கு உள்நாட்டில் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்திய கிரிஸ்டல் பேலஸுக்கோ வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை.

காரணம் டிவி பணம். உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி 20 கிளப்புகளுக்கும் சமமாகப் போகிறது. கடைசி இடத்தில் முடித்த சவுத்தாம்ப்டனுக்கே லீக்கிலிருந்து 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் வந்தது. இந்தப் பணம் இருப்பதால்தான் போர்ன்மவுத் மாதிரி கிளப்பும் ஐரோப்பா முழுக்கத் தேடி நல்ல வீரர்களை வாங்க முடிகிறது, கேட்டவுடன் விற்காமல் விலை பேசவும் முடிகிறது.

ஓல்டு டிராஃபோர்டு பக்தன்:
நண்பரே, மற்றவர்கள் வளர்ந்ததால் யுனைடெட் விழவில்லை. யுனைடெட்டைத் தள்ளிவிட்டது யுனைடெட்தான்.

2013-ல் எங்கள் மேனேஜர் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது கையில் 20-வது பட்டம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த மேனேஜர்கள் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், ராங்னிக், டென் ஹாக், அமோரிம். ஒவ்வொருவரும் வேறு வகை ஆட்டம், ஒவ்வொருவருக்கும் வேறு வகை வீரர்கள். ஆன்டனிக்கு 80 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்தோம். அதே நேரத்தில் எங்கள் அகாடமியில் வளர்ந்த மெக்டோமினேயை நாபோலிக்கு விற்றோம். போன முதல் சீசனிலேயே அவர் இத்தாலிய லீக் பட்டத்தையும் அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். எலாங்காவை ஃபாரஸ்டுக்குக் கொடுத்தோம். அவர் ஏப்ரலில் தன் பாதிக் களத்திலிருந்து பந்தோடு ஓடி எங்களுக்கே கோல் போட்டார். அந்த ஆட்டம் 1-0. அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது.

2005-ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. இருபது வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். இத்தனையும் சேர்ந்துதான் 15-வது இடம். இதை லீக்கின் ஆரோக்கியம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நடுக்களம்:
நீங்கள் சொன்ன தவறுகள் எல்லாம் உண்மை. ஆனால் அதே தவறுகளுக்கு முன்பு கிடைத்த தண்டனையைப் பாருங்கள். மோயஸ் சீசனில் எவ்வளவு குழப்பம்! அப்போதும் யுனைடெட் 64 புள்ளி எடுத்து 7-வது இடத்தில் முடித்தது. இப்போது அந்த மாதிரிக் குழப்பத்துக்கு 42 புள்ளிதான் கிடைக்கிறது. ஃபுல்ஹாமோ பிரென்ட்ஃபோர்டோ எதிரே வந்தால் சும்மா நின்று மூன்று புள்ளி வாங்கும் காலம் போய்விட்டது. பெரிய கிளப் தப்பு செய்தால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. போட்டி என்பது இதுதானே?

பழைய டிவிஷன்:
இருவரும் அட்டவணையில் 17-வது வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அதற்குக் கீழே வாருங்கள். கடைசி மூன்று கிளப்புகள் அடுத்த நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கும், அங்கிருந்து மூன்று கிளப் மேலே வரும்.

லெஸ்டர் 25. இப்ஸ்விச் 22. சவுத்தாம்ப்டன் 12. மூன்றும் அந்த சீசனுக்குத்தான் மேலே வந்தவை, மூன்றும் உடனே இறங்கின. அதற்கு முந்தைய சீசனிலும் இதே கதை: லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட். புதிதாக வந்த மூன்று கிளப்புமே ஒரே சீசனில் இறங்குவது பிரீமியர் லீக்கில் அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1997-98-ல்தான் நடந்தது. இப்போது அடுத்தடுத்து இரண்டு முறை. சவுத்தாம்ப்டன் இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே இறங்கியது உறுதியானது.

இப்ஸ்விச்சையே எடுத்துக்கொள்வோம். 1961-ல் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தார்கள். ஆல்ஃப் ராம்சே மேனேஜர். 1962-ல் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் சாம்பியன். அதே கிளப் 2024-25-ல் 38 ஆட்டத்தில் 4 வெற்றி. ஃபாரஸ்ட் 1977-ல் மேலே வந்தது, 1978-ல் பிரையன் கிளஃப் தலைமையில் சாம்பியன், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. அன்று வாசல் திறந்திருந்தது. 1983 வரை டிக்கெட் வசூலில் வெளியூரிலிருந்து வந்து ஆடிய அணிக்கும் பங்கு உண்டு. பெரிய கிளப்புகள் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு போட்ட ஒவ்வொரு விதியும் மேலே இருப்பவனுக்கே சாதகமாக வந்தது.

நடுக்களம் சொல்லும் போட்டி 17 கிளப்புகளுக்கு உள்ளே மட்டும் நடக்கிறது. இறங்கி ஏறும் லீக் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைச் சேவல்:
டாட்டன்ஹாம் ரசிகனாக ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் 22 ஆட்டம் தோற்றோம். பழைய காலத்தில் 22 தோல்வி என்றால் மே மாதம் வரை தூக்கம் வராது. எங்களுக்கோ இறங்கிய லெஸ்டரைவிட 13 புள்ளி அதிகம். வசந்தகாலத்திலேயே இறங்க மாட்டோம் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் எங்கள் மேனேஜர் போஸ்டகோக்லு லீக்கைத் தள்ளிவைத்துவிட்டு ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் முழுக் கவனம் செலுத்த முடிந்தது. ரொமேரோ, வான் டி வென், விகாரியோ மூவரும் மாதக்கணக்கில் காயத்தில் இருந்தார்கள், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பில்பாவோவில் நடந்த அதன் இறுதி ஆட்டத்தில் யுனைடெட்டை 1-0 என்று வென்றோம். 17 வருடம் கழித்து ஒரு கோப்பை. அந்த இரவை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் லீக்கில் 15-வதும் 17-வதுமாக நின்ற இரண்டு அணிகள் ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஆட முடிந்தது என்றால் கீழே ஆபத்தே இல்லை என்றுதான் அர்த்தம். பழைய டிவிஷன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஓல்டு டிராஃபோர்டு பக்தன்:
உச்சியையும் பார்த்துவிடலாம். ஃபெர்குசன் போன பிறகு 2024-25 வரை 12 சீசன். அதில் சிட்டி 7, செல்சி 2, லிவர்பூல் 2, லெஸ்டர் 1. லெஸ்டரின் 2016-ஐ வாழ்நாள் முழுக்கக் கொண்டாடலாம். ஆனால் அது நடந்தும் பல வருடம் ஆகிறது. 2024-25-ல் லிவர்பூல் 84 புள்ளி, இரண்டாவதாக வந்த ஆர்சனல் 74. பட்டம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. நடுவில் நெரிசல் இருக்கலாம், உச்சியில் கூட்டம் எங்கே?

நடுக்களம்:
ஜெர்மனியில் பயர்ன் மூனிக் வரிசையாக 11 பட்டம் வென்றது. அதோடு ஒப்பிட்டால் இங்கே நிலைமை எவ்வளவோ மேல். தொடர்ந்து நான்கு பட்டம் வென்ற சிட்டி, அதன் முக்கிய வீரர் ரோட்ரி காயப்பட்டதும் 71 புள்ளிக்கு வந்தது. நடுவில் இருக்கும் அணிகள் பலமில்லாமல் இருந்திருந்தால் அந்தச் சரிவு நடந்திருக்காது.

மேலே வந்தவர்கள் பக்கமும் தவறு உண்டு. சாம்பியன்ஷிப்பில் எப்படி ஆடினார்களோ அப்படியே சவுத்தாம்ப்டன் இங்கேயும் கோல்கீப்பரிலிருந்து பாஸ் போட்டு ஆரம்பித்தார்கள். அந்தப் பந்துகள் எத்தனை முறை நேராக எதிரணியின் காலுக்குப் போயின! பிரென்ட்ஃபோர்ட் 2021-ல் மேலே வந்து அப்படியே தங்கிவிட்டது. சரியாக ஆளைத் தேர்ந்தெடுத்தால் முடியும். வாசல் மூடியிருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியாது.

பழைய டிவிஷன்:
2021-ஐச் சொல்கிறீர்கள். அடுத்து மேலே வந்து தங்கிய ஃபாரஸ்டுக்கு என்ன நடந்தது?

அப்போது இருந்த லாப நஷ்ட விதிப்படி ஒரு பிரீமியர் லீக் கிளப் மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்ட முடிந்தது. ஆனால் அந்த மூன்றில் சாம்பியன்ஷிப்பில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 மில்லியன் என்பது 13 மில்லியனாகக் குறைந்தது. அதில் இரண்டு வருடம் அங்கே இருந்ததால் ஃபாரஸ்டின் வரம்பு 61 மில்லியன்தான். இறங்காமல் இருக்க அணியையே புதிதாகக் கட்ட வேண்டிய கிளப்புக்குக் குறைந்த வரம்பு, ஏற்கெனவே அணி வைத்திருப்பவனுக்கு அதிக வரம்பு. 2023-ல் தங்கள் வீரர் பிரென்னன் ஜான்சனை ஜூன் மாதமே மலிவாக விற்காமல் நல்ல விலைக்காக செப்டம்பர் 1 வரை காத்திருந்து டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். கணக்கு வருடம் ஜூனிலேயே முடிந்துவிட்டதால் அந்தப் பணம் கணக்கில் சேரவில்லை. வரம்பைத் தாண்டியதாக 2023-24 சீசனில் 4 புள்ளி வெட்டினார்கள். வெட்டிய பிறகு 32 புள்ளியோடு தப்பித்தது, கீழே இருந்த மூவரும் அவ்வளவு பலவீனமாக இருந்ததால்தான். அந்த ஜான்சன்தான் பில்பாவோவில் வெள்ளைச் சேவலுக்குக் கோப்பை வாங்கித் தந்த கோலைப் போட்டவர்.

வெள்ளைச் சேவல்:
அந்த 61 மில்லியன் விவரம் இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரியாது. சரி, இதை யார் மாற்றியிருக்க முடியும்?

பழைய டிவிஷன்:
லீக்கின் விதியை மாற்ற 20 கிளப்புகளில் 14 கிளப்பின் வாக்கு வேண்டும். யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் எதிர்த்திருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கவலைப்படுவது நடுக்களம் பாராட்டும் பிரைட்டன், பிரென்ட்ஃபோர்ட், போர்ன்மவுத் பற்றித்தான். அவர்களும் ஒரு காலத்தில் கீழே இருந்து ஏறியவர்கள். மேலே வந்த பிறகு அந்த வரம்பு அவர்களையும் காப்பாற்றியது. 2025-ல் லீட்ஸும் பர்ன்லியும் சாம்பியன்ஷிப்பில் ஆளுக்கு 100 புள்ளி எடுத்து வந்தார்கள், கூடவே சண்டர்லாண்டும் வந்தது. இந்த மூவருக்கும் 105 மில்லியன் வரம்பைக் கொடுக்க அந்த நடுத்தரக் கிளப்புகள் கை தூக்கியிருப்பார்களா? நடுக்களம், இதற்கு உங்கள் பதிலைக் கேட்க விரும்புகிறேன்.

நடுக்களம்:
தூக்கியிருக்க வேண்டும். தூக்கியிருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஃபாரஸ்ட் 7-வது இடத்தில் முடித்ததை நான் கொண்டாடுவதை நிறுத்தப் போவதில்லை. 61 மில்லியன் வரம்போடு வந்து, புள்ளி இழந்து, அடுத்த சீசனே யுனைடெட்டை இரண்டு ஆட்டத்திலும் வீழ்த்திய அணி அது.