வார், லெட், கான்ஸ்ட்: எந்தப் பட்டனை அழுத்தினாலும் 3 வருகிறது, ஏன்?

புதுத்தறி
வணக்கம் நண்பர்களே. ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. பக்கத்தில் மூன்று பட்டன் வைத்து, ஃபார் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) வார் என்ற சொல்லால் கவுண்ட் என்ற மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) அறிவித்து 0-இல் தொடங்கி, எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அதன் எண் கன்சோலில் வருகிற மாதிரி எழுதினேன். 0, 1, 2 வர வேண்டும். ஆனால் எதை அழுத்தினாலும் 3. அப்படி ஒரு பட்டனே கிடையாது! நான் பார்க்கும் வீடியோவில் எல்லாமே வார்தான், மற்ற இடங்களில் லெட், கான்ஸ்ட் என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா, எதைப் பழகுவது?

கரிசல்
லூப்பில் வார் இருக்கும் இடத்தில் லெட் போட்டு ஓட்டிப் பாருங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். வார் போட்டு அறிவித்த மாறி கர்லி பிராக்கெட்டுக்குள் அடங்காது, ஃபங்ஷன் முழுவதற்கும் அது ஒன்றுதான், அதனால் மூன்று பட்டனும் ஒரே கவுண்ட்டைத்தான் எட்டிப் பார்க்கின்றன. நீங்கள் மவுஸை எடுத்து அழுத்துவதற்குள் லூப் ஓடி முடிந்துவிடுகிறது. கவுண்ட் 3 ஆன பிறகுதானே லூப்பே நின்றது, அந்த 3 தான் உங்களுக்கு வருகிறது. லெட் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி கவுண்ட் கிடைக்கும்.

1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதியபோது வார் மட்டும்தான் இருந்தது. லெட்டும் கான்ஸ்ட்டும் 2015-இல், இஎஸ்6 என்ற ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பில் வந்தவை. வாரை எடுத்துவிட்டால் பழைய தளங்கள் உடைந்துபோகும், அதனால் அது அப்படியே இருக்கிறது. புதிதாக எழுதும் நீங்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மழைக்காகம்
கரிசல் சொன்னது சரி. நான் முதலில் கான்ஸ்ட்தான் போடுவேன், பிறகு மதிப்பை மாற்ற வேண்டி வந்தால் மட்டும் லெட். கான்ஸ்ட்டுக்கு அறிவிக்கும் வரியிலேயே மதிப்பு கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று, கான்ஸ்ட் என்றால் உள்ளே இருப்பதும் மாறாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கான்ஸ்ட் போட்ட ஒரு அரேயில் (மதிப்புகளின் பட்டியல்) புஷ் செய்து புதிதாக ஒன்றைப் போட்டுப் பாருங்கள், சேரும். அதே பெயருக்கு வேறு அரேயைக் கொடுத்தால்தான் டைப்எரர் வரும்.

தயவுசெய்து எதையும் அறிவிக்காமல் எழுதாதீர்கள். ஒரு பில் கணக்கில் டோட்டல் என்ற பெயரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். எரரே வரவில்லை, தப்பான பெயரில் புது குளோபல் மாறி (புரோகிராம் முழுக்கத் தெரியும் மாறி) ஒன்று உருவாகி, உண்மையான டோட்டல் கடைசிவரை 0-ஆகவே நின்றது. ஒரு மாலைப்பொழுது முழுக்க அதில் போனது. ஃபைலின் முதல் வரியில் யூஸ் ஸ்ட்ரிக்ட் (விதிகளைக் கடுமையாக்கச் சொல்லும் வரி) என்று மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தால் அங்கேயே ரெஃபரன்ஸ்எரர் வந்திருக்கும்.

புதுத்தறி
லெட் போட்டேன், 0, 1, 2 வந்துவிட்டது, ரொம்ப நன்றி! ஒரு சந்தேகம். மாறியை அறிவிக்கும் வரிக்கு மேலேயே அதை கன்சோலில் போட்டால், வாருக்கு அன்டிஃபைன்டு (இன்னும் மதிப்பு இல்லை) வருகிறது, லெட்டுக்கு எரர் வருகிறது. லெட்டில் ஏதாவது தப்பு செய்கிறேனா?

கரிசல்
இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். வார் அறிவிப்பு ஃபங்ஷனின் உச்சிக்குப் போய்விடும், மதிப்பு மட்டும் அந்த வரி வரும்போதுதான் ஏறும், நடுவில் கேட்டால் அன்டிஃபைன்டு. லெட் பெயரையும் எஞ்சின் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் பிரவுசரின் பகுதி) முன்கூட்டியே அறிந்திருக்கும், ஆனால் அந்த வரியை எட்டும்வரை தொட விடாது. எரர் செய்தியிலேயே வரி எண் இருக்கும் பாருங்கள், அந்த வரியை அறிவிப்புக்குக் கீழே இறக்கினால் போதும்.