நல்லி எலும்பில் மஞ்சள் திட்டு போகலை, வழி சொல்லுங்க

கத்திப் பிடிக்காக மாட்டு நல்லி எலும்பு 6 துண்டு. இரு முனையும் அறுத்து மஜ்ஜையைக் கம்பியால் தள்ளியாச்சு. தளதளன்னு கொதிக்க விடலை. கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கிடும். இளஞ்சூட்டில் வேகவைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் 2 வாரம், கலங்கக் கலங்க நீர் மாற்றி. கடைசியில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 24 மணி நேரம்.

நடுத்தண்டு பளிச். முனைப்பக்கம் மட்டும் மஞ்சள், தொட்டால் பிசுக்கு. அங்கே பஞ்சு மாதிரி துளைகள், கொழுப்பு அதுக்குள்ளேதான் நிக்குது.

சோப்பு நீரையே இன்னும் ஒரு மாதம் தொடரலாமா, இல்லை அசிட்டோனா? அசிட்டோன்னா எத்தனை நாள் ஊறணும்? கண்ணாடி ஜாடி இருக்கு. பிளீச்சிங் பவுடர் மட்டும் சொல்லாதீங்க, எலும்பு பொடிப்பொடியா உதிரும்.