மூத்த குரல்கள், அடுத்தவர் பாட்டுகள்: உங்களுக்கு வந்து சேர்ந்த கதை

மதுரையிலிருந்து

சொந்தமாக நூற்றுக்கணக்கில் பாட்டு வைத்திருக்கும் ஒருவர் அறுபது, எழுபது வயதில் எதற்காக அடுத்தவர் பாட்டைப் பாடி ஆல்பம் போடுகிறார்? "சரக்கு தீர்ந்துபோச்சு" என்பதுதான் உடனே வரும் பதில். பல ஆல்பங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் சில பாட்டுகள் வயதான குரலுக்குப் போன பிறகுதான் முழுசாக விளைகின்றன என்பது என் கட்சி. அப்படி எனக்கு வாய்த்தவர் அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) பாடகர் ஜானி கேஷ். உங்களுக்கு யார், எப்படி என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

என் மகளின் லேப்டாப்பில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு கிழவர். முன்னால் பழங்களும் இறைச்சியுமாக ஒரு பெரிய விருந்து மேசை. கை நடுங்க நடுங்க ஒயின் கோப்பையைச் சாய்த்து அந்தச் சாப்பாட்டின் மேலேயே ஊற்றுகிறார். இடையிடையே அவரே இளைஞராக ரயிலில் போகும் பழைய காட்சிகள். பின்னால் படிக்கட்டில் நின்று ஒரு வயதான பெண்மணி அவரைப் பார்க்கிறார். பாட்டின் கடைசிப் பகுதியில் பியானோவில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போய் அவர் குரலையே முழுங்கப் பார்க்கிறது. அவர் விடுவதாக இல்லை. "யாரும்மா இது?" என்று கேட்டுவிட்டு அன்று ராத்திரி முழுக்க அவரையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டு 'ஹர்ட்'. எழுதியவர் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர். 1994இல் அது வெளிவந்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. போதையிலும் தன்வெறுப்பிலும் உழலும் ஒரு இளைஞனின் பாட்டு அது. அதையே எழுபது வயது கேஷ் 2002இல் பாடும்போது, 'எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கடைசியில் போய்விடுகிறார்கள்' என்கிற பொருளில் வரும் வரி நண்பர்கள் விலகிப்போவதைப் பற்றியதாக இல்லை. சாவைப் பற்றியதாகிவிடுகிறது. மெட்டும் அதேதான், ஏறத்தாழ வார்த்தைகளும் அதேதான். பாடுகிற ஆளின் வயது மட்டும் பொருளை மாற்றிவிட்டது. படிக்கட்டில் நின்றவர் மனைவி ஜூன் கார்ட்டர். 2003 மே மாதம் அவர் போனார். செப்டம்பரில் கேஷும் போய்விட்டார்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1986இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைகழுவியது. நாட்டுப்புற வானொலிகளும் கண்டுகொள்ளவில்லை. அந்த நிலையில் வந்து சேர்ந்தவர் ரிக் ரூபின். ராப், ஹெவி மெட்டல் ஆல்பங்கள் தயாரித்த தாடிக்காரர். அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். தன் வீட்டுக் கூடத்தில் கேஷை உட்காரவைத்து, கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்து, பிடித்ததைப் பாடுங்கள் என்றார். இருவரும் சேர்ந்து 1994இல் போட்ட முதல் ஆல்பத்தில் குரலும் கிட்டாரும் தவிர வேறொன்றும் கிடையாது. லியோனார்ட் கோஹன், டாம் வெய்ட்ஸ், நிக் லோவ் எழுதியதெல்லாம் அதில் உண்டு, கேஷ் எழுதியதும் உண்டு. இரண்டாவது ஆல்பம் கிராமி வாங்கியபோது, கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய படம் ஒன்றை பில்போர்டு பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டு, நாட்டுப்புற இசையின் தலைநகரான நாஷ்வில் இசை உலகத்துக்கும் வானொலிகளுக்கும் 'நன்றி' சொன்னார்கள். 1998. எனக்கு மிகவும் பிடித்த விளம்பரம்.

சரி, உங்கள் முறை.

சென்னை, ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை

சார், கேஷைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் பாப் டிலனைப் பிடித்துக்கொள்கிறேன். 2015இல் 'ஷேடோஸ் இன் த நைட்' வந்தது. ஃப்ராங்க் சினாட்ரா பாடிப் பேர் வாங்கிய பாட்டுகள் பத்து. டிலனின் கரகரக் குரலா, சினாட்ராவின் இழையும் பாட்டா என்று சிரித்தவர்கள்தான் அதிகம். எங்கள் ஸ்டூடியோவில் மூத்த இன்ஜினியர் ஒருவர்தான் இதைப் போட்டுக் காட்டி, "ரூமைக் கேளுடா" என்றார். பாட்டைக் கேள் என்று சொல்லவில்லை.

கேட்டால் புரியும். லாஸ் ஏஞ்சலீஸில் கேப்பிடல் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். சினாட்ரா வேலை செய்த அதே கட்டடம். டிலனும் ஐந்து வாத்தியக்காரர்களும் ஒரே அறையில். யார் காதிலும் ஹெட்போன் கிடையாது. தனித்தனி அறையில் உட்கார்ந்து வாசித்து அப்புறம் ஒட்டும் வேலையும் கிடையாது. சவுண்ட் இன்ஜினியர் ஆல் ஷ்மிட், அப்போது எண்பதைத் தாண்டியவர். சினாட்ராவுக்குப் பெரிய வயலின் படை என்ன செய்ததோ, அதை இங்கே ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் தனியாகச் செய்கிறது. ஹெட்போன் இல்லாவிட்டால் பாடகர் தன் குரலைக் கேட்க வேண்டுமே, அதனால் வாசிப்பவர்கள் அடக்கி வாசித்தே தீரவேண்டும். டிலன் கத்தாமல் பாடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பிழைப்பு வேறு மாதிரி. டிராக் ரெடியாக இருக்கும். பாடகர் வருவார், வரிவரியாகத் தனித்தனியே பதிந்து ஒட்டுவோம், சுருதி பிசகினால் கம்ப்யூட்டரில் இழுத்து உட்காரவைப்போம். ஒருமுறை வயதான பாடகர் ஒருவர் பழைய பக்திப் பாடல்களைத் திரும்பப் பாட வந்தார். பல்லவி முடிந்ததும் நான் நிறுத்தினேன். "தம்பி, நிறுத்தாதீங்க. மூச்சு வாங்கினா வாங்கட்டும், கடைசிவரைக்கும் போயிடறேன்" என்றார். ஒரே டேக். சரணத்தில் ஒரு இடத்தில் குரல் பிசிறடித்தது. கம்பெனிக்காரர்கள் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள், செய்து கொடுத்தேன். பிசிறோடு இருந்த டேக் இன்னும் என் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. நண்பர்கள் வந்தால் அதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இன்னொரு விஷயம். டிலனுக்கு 2016இல் இலக்கிய நோபல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வெளியிட்ட முதல் ஸ்டூடியோ ஆல்பம் 'டிரிப்ளிகேட்'. மூன்று டிஸ்க், முப்பது பாட்டு. அவர் எழுதிய வரி ஒன்றுகூட அதில் இல்லை! இந்தக் குசும்பு வேறு யாருக்கு வரும்?

சிங்கப்பூரிலிருந்து

உங்கள் இருவருக்கும் கஷ்டப்பட்டுப் பாடினால்தான் பிடிக்கும்போல. நான் பிரிட்டிஷ் ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் கட்சி. 2002இல் தொடங்கி பழைய அமெரிக்கப் பாட்டுகளை 'கிரேட் அமெரிக்கன் சாங்புக்' என்று ஐந்து தொகுதி போட்டார். விமர்சகர்கள் கிழித்தார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். மூன்றாவது தொகுதி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அவ்வளவு காலம் பாடியவருக்கு முதல் கிராமியே அதற்குத்தான் கிடைத்தது.

என் கணவருக்கு ஆங்கிலப் பாட்டே ஆகாது. காரில் இதைப் போட்டால் மட்டும் மாற்றச் சொல்லமாட்டார். அது போதாதா?

டொராண்டோவிலிருந்து

அக்கா, காருக்கு நல்லதுதான். ஆனால் நான்காம், ஐந்தாம் தொகுதியெல்லாம் கொஞ்சம் கூடிப்போச்சு.

நான் சொல்ல வந்தது மிக் ஜாகர் பாடும் லண்டன் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸ். எங்கட அண்ணை ஒருவர் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே ஒரு பாரில் பாத்திரம் கழுவிய காலத்தில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையில் பைத்தியம் பிடித்தவர். மேடையில் வாசிப்பவர்களை விட அடுக்களைக்குள்ளே நிற்கிற தனக்குத்தான் அந்தப் பாட்டுகள் நல்லாக விளங்கும் என்று பகிடியாகச் சொல்லுவார். 2016 டிசம்பரில் 'ப்ளூ அண்ட் லோன்சம்' வந்ததும் எல்பி இசைத்தட்டை வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வெளியே பனி. சப்பாத்தைக் கழற்ற முதலே, "போடு, போடு" என்றார்.

அந்த ஆல்பம் திட்டம் போட்டுச் செய்ததல்ல. 2015 டிசம்பரில் லண்டனில் புதுப் பாட்டுகள் பதிவு செய்யத்தான் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கை சூடாவதற்காக ப்ளூஸ் ஹார்மோனிகாக் கலைஞர் லிட்டில் வால்டரின் பழைய பாட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தார்கள். நன்றாக வந்தது, இன்னொன்று, இன்னொன்று என்று மூன்றே நாளில் ஆல்பம் முடிந்தது. பக்கத்து அறையில் தன் வேலையாக இருந்த எரிக் கிளாப்டனையும் கூப்பிட்டு இரண்டு பாட்டுக்குக் கிட்டார் வாசிக்க வைத்தார்கள். பிறகு கிராமியும் கிடைத்தது.

மதுரை ஐயா சொன்ன 'வயதான குரலில் விளையும்' கணக்கு இங்கே தலைகீழ். 1964இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்திலும் பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகள்தான். இருபது வயது லண்டன் பெடியன்கள், அனுபவப்பட்ட ஆம்பிளைகள்போல நடித்துப் பாடினார்கள். 2015இல் மிக் ஜாகருக்கு 72. லிட்டில் வால்டர் செத்தது 37 வயதில். இப்போது பாட்டை விடப் பாடுபவர்தான் கிழவர். ஆனாலும் ஜாகர் ஹார்மோனிகாவை வாயில் வைக்கும்போது பாருங்கள், இன்னும் வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற பெடியன்தான். எனக்குப் பிடித்ததே அதுதான். அண்ணை அன்று எல்லாப் பக்கமும் கேட்டு முடித்து, "ஜாகர் கடைசியில் வாசிக்கப் பழகிட்டான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார்.

கோயம்புத்தூரிலிருந்து, வக்கீல்

சின்னக் குறுக்கீடு. அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், சட்டம் நிர்ணயித்த ராயல்டியைக் கட்டி யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். எழுதியவர் மறுக்க முடியாது, பணம் மட்டும் அவருக்குப் போய்ச்சேரும். பாட்டின் அடிப்படைத் தன்மையை மாற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. அங்கே கவர் ஆல்பம், அதாவது அடுத்தவர் பாட்டைப் பாடிப் போடும் ஆல்பம், இவ்வளவு பெருகியதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் 31சி என்று ஒரு பிரிவு வந்தது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், குறைந்தது ஐம்பதாயிரம் பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். கேஷ் 'ஹர்ட்' பாட்டில் ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முள்முடி என்று பாடியிருக்கிறாரே, அந்த அளவு மாற்றத்துக்கே இங்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

சென்னை, பள்ளி ஆசிரியை

நீங்கள் எல்லாரும் பேர் வாங்கிய பிறகு கவர் பாடியவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். பெட்டி லாவெட் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கவர்தான் வாழ்க்கையே.

பதினாறு வயதில், 1962இல், ஒரு ஹிட் கொடுத்தார். 1972இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக முழு ஆல்பம் பதிவு செய்தார். அதைக் காரணம்கூடச் சொல்லாமல் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அது வெளியே வந்தது 2000இல், அதுவும் பிரான்ஸில். நடுவில் சின்னச் சின்ன மேடைகள். பாட்டு எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை, மற்றவர் எழுதியதைப் பாடுகிறவர்.

2008இல் அமெரிக்காவின் கென்னடி சென்டர் விழாவில் 'த ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைக் கௌரவித்தார்கள். அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்டும் பாடகர் ரோஜர் டால்ட்ரியும் மேலே பால்கனியில் உட்கார்ந்திருக்க, கீழே மேடையில் 62 வயது லாவெட் அவர்கள் பாட்டையே பாடுகிறார். யூடியூபில் இருக்கிறது. அவர் பாடப் பாட அவர்கள் முகத்தைக் காட்டுவார்கள், அதற்காகவே பார்க்கலாம். மூலத்தில் டால்ட்ரி வானத்தைப் பார்த்து அலறுவார். இந்தம்மா ஒரு வரி பாடி நிறுத்தி, யோசித்து, அடுத்த வரிக்குப் போகிறார். பழகிய மெட்டை எங்கேயோ ஒதுக்கி வைத்துவிட்டு, வார்த்தையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். 2010இல் பிரிட்டிஷ் ராக் பாட்டுகளை மட்டும் வைத்து ஆல்பம் போட்டார். பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் எல்லாம் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசையைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேயர்களின் பாட்டு, திரும்ப ஒரு கறுப்பினப் பெண்ணிடம் வந்து சேர்கிறது. டொராண்டோக்காரர் இதையும் யோசிக்கட்டும்.

நான் இதைக் கண்டது பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதத்தில். அன்று நிறைய பேருக்கு மதிப்பெண் தாராளமாக விழுந்தது.

மதுரையிலிருந்து

டீச்சரம்மா, 'அடுத்தவர் பாட்டு' என்று நான் போட்ட தலைப்புக்கே வேட்டு வைத்துவிட்டீர்கள். நம் ஊரில் யார்தான் சொந்தப் பாட்டு பாடினார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். கச்சேரி மேடையில் தியாகராஜர் கிருதியைப் பாடுவதை யாரும் கவர் என்று சொல்வதில்லையே. லதா மங்கேஷ்கர் 'ஷ்ரத்தாஞ்சலி' என்று ஒரு தொகுப்பு போட்டாரே, சைகல், ரஃபி, முகேஷ், கிஷோர் பாட்டுகளை ஒவ்வொருவரைப் பற்றியும் சில வார்த்தை பேசிவிட்டுப் பாடுவார், அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

சிங்கப்பூர் அக்காவுக்கு ஒரு சமாதானம். சொகுசாகவும் இருக்க வேண்டும், ஆழமாகவும் இருக்க வேண்டும் என்றால் வில்லி நெல்சனின் 'ஸ்டார்டஸ்ட்' கேளுங்கள். 1978. நாட்டுப்புறப் பாடகருக்கு எதற்கு இந்தப் பாட்டி காலத்துப் பாட்டு என்று கம்பெனியே தயங்கியதாம். பில்போர்டு நாட்டுப்புற ஆல்பப் பட்டியலில் பத்து வருஷம் கிடந்தது. தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், மெம்ஃபிஸ் சோல் இசைக்காரர். அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தபோது ஏற்பட்ட பழக்கம்.

சிங்கப்பூரிலிருந்து

கேட்டுப் பார்க்கிறேன். கணவர் மாற்றச் சொன்னால் வந்து சொல்கிறேன். அப்புறம், கேஷ் ஆல்பங்களில் எதில் ஆரம்பிப்பது?

சென்னை, ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை

ரூபினோடு செய்த வரிசையில் எல்லாரும் நான்காவதைச் சொல்வார்கள், 'ஹர்ட்' அதில்தான். நீங்கள் மூன்றாவதில் ஆரம்பியுங்கள். 2000இல் வந்தது. யூ2 பாட்டும் டாம் பெட்டி பாட்டும் நிக் கேவ் பாட்டும் அதில் இருக்கின்றன. கேவ் பாட்டு மின்சார நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மரண தண்டனைக் கைதி பேசுவது. கார் ஓட்டும்போது அது மட்டும் வேண்டாம்.