இரவில் லாரிகளின் ஜிபிஎஸ் மட்டும் அறுந்துபோகிறது, ஜாமரா?

வணக்கம். சரக்கு லாரிகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். இரண்டு மாதமாக ஒரே சிக்கல். நள்ளிரவுக்குப் பிறகு நெடுஞ்சாலையோரம் வண்டி நிற்கும்போது, ட்ராக்கரில் செயற்கைக்கோள் எண்ணிக்கை திடீரென்று பூஜ்யமாகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகத் திரும்பிவிடும். பார்த்தால் டீசல் இறங்கியிருக்கும்; ஒருமுறை கதவு சீலும் உடைந்திருந்தது. ஓட்டுநர்கள் கேபினுக்குள்தான் தூங்குகிறார்கள். டீசலைவிட அவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

கருவி 4ஜி, 24 வோல்ட், உள் ஆன்டெனா, ஜிபிஎஸ் மட்டும். வயரிங், ஃபியூஸ் பார்த்தாயிற்று. சிம் மாற்றினோம். ஒரு வண்டியில் புதுக் கருவியே போட்டும் அதே கதை. விற்றவர்கள் வானிலை என்கிறார்கள், ஆனால் தெளிவான வானத்திலும் நடக்கிறது. அந்த நேரத்தில் சிம் இணைப்பும் மின்சாரமும் அறுவதே இல்லை. அதனால்தான், ஜிபிஎஸ் சிக்னல் வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அடக்கும் ஜாமர் (சிக்னலைத் தடுக்கும் கருவி) என்று சந்தேகிக்கிறேன்.

சிக்னல் அடக்கப்பட்ட உடனே கேபினில் சைரன் அடித்து, சிம் வழியாக எங்களுக்கும் எச்சரிக்கை வரும்படி யாராவது அமைத்திருக்கிறீர்களா, எந்த மாதிரிக் கருவியில்?